கோளாறு கண்ணில் இல்லை: ஒரு மாத இதழின் ஆசிரியர் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கும் பக்கங்களை வடிவமைக்கும் நண்பர்களுக்கும்,

இந்த வருஷ ஜனவரி இதழிலிருந்து உங்கள் பத்திரிகை புதுப்பொலிவோடு வருவதாக அறிவித்து, உள்ளே இருந்த அத்தனை பக்கங்களையும் மாற்றிவிட்டீர்கள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அதை வாங்கிக்கொண்டிருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். கதை பிடிக்காமலோ விலை கட்டாமலோ நிறுத்தவில்லை. எழுத்து தெரியவில்லை. இதைத் தொலைபேசியில் சொன்னேன், கடிதமாகவும் எழுதி அனுப்பினேன். நல்ல வரவேற்பு இருக்கிறது, போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். பழகாது. ஏன் பழகாது என்பதைத்தான் எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். பத்திரிகையின் பெயரை நான் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும், தவிர இதே வேலையை இன்னும் சில பத்திரிகைகளும் செய்துகொண்டிருக்கின்றன, அவர்களும் படிக்கட்டும்.

நான் மதுரையில் பக்க வடிவமைப்பு வேலை பார்க்கிறவள். பேஜ்மேக்கர் மென்பொருளில் தட்டி, ட்ரேசிங் பேப்பரில் எடுத்து, கண்ணாடி மேசையில் விளக்கைப் போட்டு ஒட்டிய காலத்திலிருந்து இன்டிசைன் வரைக்கும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், ஓய்வூதியர் சங்க இதழ், சமையல் புத்தகம் என்று பல தரப்பட்ட ஆட்களுக்குப் பக்கம் போட்டிருக்கிறேன். அழகு வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். உங்கள் புது அட்டை நன்றாக இருக்கிறது, புகைப்படங்கள் பழையதைவிட எவ்வளவோ மேல். என் வழக்கு உள்ளே இருக்கும் எழுத்தைப் பற்றியது, அந்த எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று யோசிக்காமலே பக்கம் போட்டதைப் பற்றியது.

எங்கள் அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறது. அந்த லென்ஸ் பெரும்பாலும் தூரப் பார்வைக்குத்தான் பொருத்துவார்கள், கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கண்ணாடியோடு அம்மா உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தார். புது வடிவத்தில் வந்த இதழைக் கையில் எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் மாட்டுவதுமாகவே இருந்தார். அப்புறம் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, "கண்ணு மறுபடி மங்குதுடி, உள்ள என்னமோ ஆயிருச்சு" என்றார். பதறிப்போய் மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சொட்டு மருந்து விட்டு, காத்திருக்க வைத்து, விழித்திரை வரைக்கும் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. அம்மா கைப்பையில் வைத்திருந்த பத்திரிகையைப் பிரித்து டாக்டரிடம் காட்டினார். வாங்கிப் பார்த்த டாக்டர், "இத நானே கஷ்டப்பட்டுத்தான் படிக்கணும்மா, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இதே சந்தேகத்தில் புதுக் கண்ணாடிக்குக் காசு செலவழித்தார், அதிலும் தெரியவில்லை. கடைசி வீட்டுப் பெரியம்மா யாரிடமும் எதுவும் சொல்லாமல் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். கேட்டதற்கு, "வயசாச்சு, இனிமே படிக்கிறதெல்லாம் முடியாது போலருக்கு" என்கிறார். உங்களுக்குப் புகார்க் கடிதம் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் இதுதான், இதை நீங்கள் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். படிக்க முடியாதபோது பெரியவர்கள் பத்திரிகையைக் குறை சொல்வதில்லை, தங்கள் கண்ணைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். தப்பு பக்கத்தில் இருக்கலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு வருவதில்லை. புகார் வரவில்லை என்பதை நல்ல வரவேற்பு என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

உங்கள் வாசகர் யார் என்று தெரிந்துகொள்ள பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். மார்ச் இதழின் விளம்பரப் பக்கங்களைப் பாருங்கள். முழங்கால் வலித் தைலம், காது கேட்கும் கருவி, மூத்த குடிமக்களுக்கான குடியிருப்பு, சர்க்கரை நோயாளிகளுக்கான மாவு, காசி யாத்திரை. காசு கொடுத்து இடம் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பத்திரிகையை யார் கையில் எடுக்கிறார்கள் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்த விளம்பரங்களில் எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கிறது, கறுப்பில் இருக்கிறது, தொலைபேசி எண் கை நீட்டும் தூரத்தில் வைத்தாலும் தெரிகிறது. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் உங்கள் தொடர்கதை தெரியவில்லை. ஒரே தாளில், ஒரே வாசகருக்காக, விளம்பரதாரர் எடுத்துக்கொண்ட அக்கறையைப் பத்திரிகை எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், அப்போதே இந்திய சராசரி 8.6தான். அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் பெருகியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. அச்சுப் பத்திரிகையை இன்னும் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அவர்கள்தான்.

சரி, எழுத்துக்கு வருகிறேன். பழைய இதழையும் புது இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு பத்தியைத் தட்டி, அளவை மாற்றி மாற்றிப் பிரிண்ட் எடுத்து ஒப்பிட்டேன். முன்பு உங்கள் உடல் எழுத்து, அதாவது கதையும் கட்டுரையும் ஓடும் எழுத்து, கிட்டத்தட்ட 12 பாயின்ட், வரிக்கு வரி 17. இப்போது எழுத்து 9, வரிக்கு வரி 11. ஒரு பாயின்ட் என்பது 0.35 மில்லிமீட்டர். 9 பாயின்ட்டில் 'ப' என்ற எழுத்தின் உயரம் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. பிரிட்டனில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வேலை செய்யும் ஆர்.என்.ஐ.பி. அமைப்பு, பொதுவாக அச்சிடும் எதிலும் 12 பாயின்ட்டுக்குக் கீழே போகாதீர்கள், 14 இருந்தால் நல்லது என்கிறது. பெரிய எழுத்துப் பதிப்பு என்றால் 16, 18 என்று போகிறார்கள். அது ஆங்கில எழுத்துக்குச் சொன்னது. தமிழுக்கு அதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும்.

ஏனென்றால் நம் எழுத்தில் பொருளே சின்னச் சின்ன வளைவுகளில்தான் இருக்கிறது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒரு சுழியில்தான் வேறுபடுகின்றன. மெல்லிய எழுத்தில், சின்ன அளவில், அந்தச் சுழி அடைந்துபோனால் 'கொடு'வும் 'கோடு'ம் ஒன்றாகத் தெரியும். 'ன'வும் 'ண'வும் அப்படித்தான், காலுக்கும் 'ர'வுக்கும் உள்ள வித்தியாசமும் அப்படித்தான். புள்ளி என்பது உங்கள் புது எழுத்துருவில் தூசி அளவுக்கு இருக்கிறது. இளவயதுக் கண் இதையெல்லாம் வாக்கியத்தின் ஓட்டத்தில் ஊகித்துக்கொண்டு தாண்டிவிடும். எழுபது வயதில் ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று ஊகிக்க வேண்டியிருந்தால் பத்து வரியில் களைத்துப்போவார்கள். அதோடு 'கி', 'கீ' என்று மேலே சுழிக்கும் எழுத்தும், 'பு', 'சூ' என்று கீழே இறங்கும் எழுத்தும் நமக்கு அடிக்கடி வரும். ஆங்கிலப் பக்கத்துக்கு வைக்கிற வரி இடைவெளியை அப்படியே தமிழுக்கு வைத்தால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொண்டையும் முட்டிக்கொள்ளும். உங்கள் 16-ம் பக்கத்தில் முட்டிக்கொண்டுதான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டே வரும் கண், வரி முடிந்து இடது பக்கம் திரும்பும்போது அடுத்த வரிக்குப் பதிலாகப் படித்த வரிக்கே போய்விடுகிறது. அம்மா இப்போது ஒரு போஸ்ட்கார்டை வரிக்கு அடியில் வைத்துத் தள்ளித் தள்ளிப் படிக்கிறார்.

அளவைவிட எனக்கு அதிகம் கோபம் வந்தது எழுத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் சாம்பல் நிறத்தில்தான். திரையில் கறுப்புக்குப் பதில் சாம்பல் வைத்தால் மென்மையாக, நாகரிகமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆஃப்செட் அச்சில் சாம்பல் என்று தனியாக ஒரு மை ஓடுவதில்லை. கறுப்பு மையையே பொடிப் புள்ளிகளாகப் பிரித்துத்தான் சாம்பலாகக் காட்டும். எழுத்தின் கோடே தலைமுடி அளவுக்கு மெல்லிசு, அதையும் புள்ளி புள்ளியாக உடைத்தால் ஓரமெல்லாம் பிசிறிப்போகும். ஒரு பூதக்கண்ணாடி வைத்து உங்கள் ஏப்ரல் இதழைப் பாருங்கள், எழுத்துகள் முழுக்கோடாக இல்லாமல் பொரிந்து கிடக்கின்றன. கரும்பச்சைப் பின்னணியில் எழுத்தை மட்டும் வெள்ளையாக விட்டு ரிவர்ஸ் போட்ட பெட்டிச் செய்திகளும் அப்படியே. நாலு வண்ணத்தில் ஒன்று மயிரிழை விலகினாலும் வெள்ளை எழுத்துக்குள் நிறம் புகுந்துவிடும், மை கொஞ்சம் பரவினாலும் சுழி அடைந்துபோகும். அச்சகத்துக்காரர் யாராவது உங்களிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அதை வாங்கிப் படிக்கிற கண் எப்படி இருக்கும்? வயதாக ஆகக் கண்ணின் இயற்கையான லென்ஸ் மஞ்சளிக்கும், கண்மணி சுருங்கும். இருபது வயதுக்காரர் விழித்திரையில் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் விழும். நீலத்தையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமாகும். வெளிச்சம் கூசும். அப்படிப்பட்டவர்களுக்குப் பளபளப்பான ஆர்ட் பேப்பரில், இளநீலப் பின்னணியில், சாம்பல் எழுத்து. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ட்யூப்லைட், பெரும்பாலான வீட்டில் அப்படித்தான். தாளைக் கொஞ்சம் சாய்த்தால் ட்யூப்லைட் முழுசாகப் பக்கத்தில் தெரிகிறது, எழுத்து தெரிவதில்லை. பழைய மினுமினுப்பில்லாத மேப்லித்தோ தாளில் இந்தத் தொல்லை கிடையாது.

அடுத்தது, பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரித்தது. ஏ4 பக்கத்தில் ஓரம் விட்டு மூன்று பத்தி பிரித்தால் ஒரு பத்திக்கு 58 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். ஆங்கிலத்துக்கு அது தாங்கும், சின்னச் சின்னச் சொற்கள். தமிழில் 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல் வந்தால் அதுவே ஒரு வரி. அதை இரண்டு பக்கமும் நேராக நிற்க வேண்டும் என்று இழுத்துக் கட்டினால் அடுத்த வரியில் இரண்டே சொல், நடுவில் ஒரு பள்ளம். சில இடங்களில் மென்பொருள் தானாகவே சொல்லைக் கண்ட இடத்தில் உடைத்து, வரி 'க்' என்றும் 'ந்' என்றும் தொடங்குகிறது. மெய்யெழுத்தில் வரியைத் தொடங்காதே என்பது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் முதல் வாரத்தில் சொன்ன பாடம். இரண்டு பத்தியாகப் போட்டு, இடது பக்கம் மட்டும் நேராக வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையில் முக்கால்வாசி காணாமல் போகும். உங்கள் பழைய வடிவத்தில் இரண்டு பத்திதான் இருந்தது.

இதெல்லாம் கதை, கட்டுரை. உங்கள் பத்திரிகையில் படிப்பதற்கு மட்டுமல்லாமல் கையில் வைத்துப் புழங்குவதற்கான பக்கங்கள் நிறைய இருக்கின்றன, அங்கேதான் வடிவமைத்தவர்கள் வாசகரைக் கொஞ்சமும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று தெரிகிறது. மாதா மாதம் ஒரு பதிகமோ ஸ்தோத்திரமோ போடுகிறீர்கள். அதை யாரும் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பதில்லை. பக்கத்தைக் கிழித்துப் பூஜை அறையில் வைத்து, விளக்கு வெளிச்சத்தில், தரையில் உட்கார்ந்து, இரண்டடி தள்ளி வைத்துப் பாராயணம் செய்கிறார்கள். அதைக் கோபுரப் படத்தின் மேல், அரக்குப் பின்னணியில், தங்க நிற எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். மாதப் பஞ்சாங்கம் சுவரில் ஒட்டுகிற பக்கம். நின்றபடி ராகுகாலமும் எமகண்டமும் பார்ப்பார்கள், அந்த அட்டவணை இப்போது 7 பாயின்ட். சமையல் குறிப்பு அடுப்பு மேடையில் விரித்து வைத்து, ஒரு கையில் கரண்டியோடு பார்க்கிற பக்கம். அளவுகளையும் செய்முறையையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்ததை இப்போது ஒரே பத்தியாகக் கோத்துவிட்டீர்கள். கோலப் பக்கத்தில் 15 புள்ளி, 8 வரை இடுக்குப்புள்ளி என்று சொல்லிவிட்டு அந்தப் புள்ளிகளை வெளிர் சாம்பலில் வைத்திருக்கிறீர்கள். புள்ளியை எண்ண முடியாவிட்டால் அந்தக் கோலத்தை வாசலில் எப்படிப் போடுவது?

மருத்துவக் குறிப்புப் பக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது வெறும் சிரமம் இல்லை, ஆபத்து. ½ ஸ்பூன், 1½ ஸ்பூன் என்று பின்னங்களை அந்தச் சின்ன எழுத்துக்குள் இன்னும் சின்னதாகப் போட்டிருக்கிறீர்கள். எங்கள் அம்மா அதில் அரை என்பதை ஒன்றரை என்று படித்து என்னிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்ததால் எடுத்துப் பார்த்தேன். தனியாக இருக்கும் எத்தனையோ பெரியவர்கள் அந்தப் பக்கத்தை நம்பி வீட்டில் கஷாயம் வைக்கிறார்கள். அரை, ஒன்றரை என்று எழுத்தில் போட்டால் தீர்ந்துபோகும் விஷயம் இது.

முழுப்பக்கப் படம் வருகிற இடங்களில் பக்க எண்ணை எடுத்துவிட்டீர்கள். அதே இதழில் "தொடர்ச்சி 62-ம் பக்கம்" என்று இருக்கிறது. 61-லும் எண் இல்லை, 62-லும் எண் இல்லை, 63-லும் எண் இல்லை. அதைவிட மோசம், சிறுகதையின் கடைசிப் பகுதியைப் படிக்கக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னது. காசு கொடுத்து வாங்கிய கதையின் முடிவு, கைப்பேசியில் அழைப்பை எடுக்கவும் வைக்கவும் மட்டும் தெரிந்த ஒருவருக்கு எப்படிக் கிடைக்கும்? அன்றைக்கு எங்கள் தெருவில் மூன்று பெரியவர்களுக்கு நான்தான் அந்த முடிவைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். யாராவது ஒருவர் படித்துக்காட்டக் காத்திருக்காமல் தாங்களே படிக்க முடிவதுதான் அவர்களுக்கு இந்தப் பத்திரிகையில் மிச்சமிருக்கும் சந்தோஷம். அதில் கை வைக்காதீர்கள்.

தொடர்கதையைப் பற்றியும் ஒன்று. மாதா மாதம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைக்கிற வழக்கம் தமிழ் வீடுகளில் எத்தனை காலமாக இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்கியில் 1950-களில் வந்த தொடரையெல்லாம் அப்படிச் சேர்த்து வைத்த வீடுகள் இன்றும் இருக்கின்றன. உங்கள் பழைய வடிவத்தில் தொடர்கதை தனித் தாள்களில், உள் ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு வந்தது. இப்போது கதையின் பின்பக்கத்தில் வேறு கட்டுரை தொடங்குகிறது, உள் ஓரத்தில் எழுத்து மடிப்புக்குள் போய்விடுகிறது. தைக்கவே வழியில்லை.

தொலைபேசியில் எனக்குச் சொல்லப்பட்ட காரணங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முதலாவது, இளைஞர்களை ஈர்க்க வேண்டும் என்பது. பெரிய எழுத்தைப் பார்த்து ஓடிய இளைஞர் யாரையும் நான் பார்த்ததில்லை. என் மகளுக்குக் கல்லூரி வயது, அவளும் 9 பாயின்ட் சாம்பலைப் படிக்க விரும்பவில்லை. இளைஞர்கள் வர வேண்டுமென்றால் அவர்களுக்கான விஷயத்தைப் போடுங்கள், சந்தோஷம். எழுத்தைச் சுருக்கி வெளுக்க வைப்பதால் அவர்கள் வரப்போவதில்லை, இருப்பவர்கள் போய்விடுவார்கள்.

இரண்டாவது, பெரியவர்களுக்கு எந்த மாற்றமும் பிடிக்காது என்பது. இது நியாயமே இல்லாத பேச்சு. எங்கள் அம்மா தலைமுறை பள்ளிக்கூடத்தில் படித்தது துதிக்கை வைத்த பழைய 'லை', 'னை', சுழித்துப் போட்ட பழைய 'றா', 'னா'. 1978-ல் அரசாணை வந்து பெரியாரின் சீர்திருத்த எழுத்து நடைமுறைக்கு வந்தபோது, பள்ளிப் படிப்பை எப்போதோ முடித்திருந்தவர்கள் தாங்கள் கற்ற எழுத்தையே மாற்றிக்கொண்டு படித்தார்கள். ஈய எழுத்திலிருந்து ஆஃப்செட்டுக்கும், கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கும் உங்கள் கூடவே வந்தவர்கள் அவர்கள். மாற்றத்துக்குப் பயப்படுகிறவர்கள் இல்லை. தெரியாததைத் தெரியவில்லை என்கிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, செலவு. இதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். 9 பாயின்ட்டில் ஒரு பக்கத்துக்கு வரும் விஷயம் 12 பாயின்ட்டில், பழைய வரி இடைவெளியோடு, ஏறக்குறைய இரண்டு பக்கத்துக்கு ஓடும். காகித விலை என்ன நிலையில் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், நானும் அச்சகங்களில் ரீம் கணக்குப் பேசுகிறவள்தான். ஆனால் பழைய இதழிலும் பக்கங்கள் இதே அளவுதான், அதில் 12 பாயின்ட் எழுத்து அடங்கியது. இப்போது இடம் எங்கே போனது என்று மார்ச் இதழைப் புரட்டிப் பார்த்தால் தெரிகிறது: ஓரம் வரைக்கும் ஓடும் முழுப்பக்கப் படங்கள், கட்டுரைத் தலைப்புக்காகவே ஒதுக்கிய பாதிப் பக்க வெற்றிடங்கள், மூன்று வரி மேற்கோளுக்கு ஒரு முழுப் பத்தி. படத்துக்கு இடம் இருக்கிறது, எழுத்துக்கு இல்லை. சாம்பலை விட்டுக் கறுப்பில் அச்சிட ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது. பக்க எண் போடவும் கிடையாது. மேப்லித்தோ தாள் ஆர்ட் பேப்பரைவிட விலை அதிகமும் இல்லை.

கைப்பேசிச் செயலியில் பெரிதாக்கிப் படிக்கலாமே என்றும் சொன்னார்கள். செயலி இருக்கட்டும், அது தேவைப்படுகிறவர்களுக்கு. அச்சுப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியவருக்கு அச்சிலேயே படிக்கக் கொடுப்பது உங்கள் கடமை.

பக்கம் போட்ட இளைஞர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பெரிய திரையில், பக்கத்தை 150 சதவீதத்துக்கு விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும், எழுத்தும் பெரிதாகத் தெரியும். உண்மை அளவில், அச்சாகப்போகும் அதே தாளில் ஒரு பிரதி எடுத்து, அதை எழுபது வயதுக்காரர் ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்கும்படி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர் குழு. முடிவும் உங்களுடையது, அதனால் பதிலும் உங்களிடம்தான் கேட்கிறேன்.

நான் கேட்பது இவைதான். உடல் எழுத்தை 12 பாயின்ட்டுக்கும் வரி இடைவெளியை 17-க்கும் திரும்பக் கொண்டுவாருங்கள், மெல்லிய எழுத்துருவை விட்டுச் சாதாரணக் கனத்துக்கு வாருங்கள், வெள்ளைத் தாளில் முழுக் கறுப்பில் அச்சிடுங்கள். இதில் எதையும் பேரம் பேச முடியாது என்று நினைக்கிறேன். படத்தின் மேலும் நிறப் பின்னணியிலும் தலைப்பை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், படிக்க வேண்டிய விஷயத்தை வைக்காதீர்கள். பத்தி இரண்டாக இருக்கட்டும். எல்லாப் பக்கத்திலும் எண் இருக்கட்டும், கீழே, வெளி ஓரத்தில், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் பளிச்சென்று. அச்சில் தொடங்கிய எதையும் அச்சிலேயே முடியுங்கள். மருந்து அளவுகளை இனிமேல் எழுத்தால் மட்டும் போடுங்கள். பதிகப் பக்கத்தையும் பஞ்சாங்கத்தையும் 16 பாயின்ட்டுக்குக் குறையாமல், மினுமினுப்பில்லாத தாளில், பின்பக்கம் வீணானாலும் பரவாயில்லை, கிழித்தெடுக்கும்படி கொடுங்கள். தொடர்கதையைத் தனித் தாளில், உள் ஓரத்தில் தைக்க இடம் விட்டுப் போடுங்கள்.

அடுத்த முறை வடிவத்தை மாற்றும்போது, முடிவெடுப்பதற்கு முன்னால், அசல் தாளில் அசல் அளவில் அச்சிட்ட எட்டுப் பக்கங்களை அறுபத்தைந்து வயதைத் தாண்டிய சந்தாதாரர்களிடம் கொடுத்து, ஆபீஸ் வெளிச்சத்தில் இல்லாமல் அவர்கள் வீட்டு வெளிச்சத்தில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மதுரையில் அதைச் செய்வதானால் ஆட்களை நானே சேர்த்துத் தருகிறேன். மாதிரிப் பக்கங்கள் வேண்டுமென்றால் உங்கள் ஏப்ரல் இதழின் விஷயத்தையே எடுத்து, உங்கள் பக்க எண்ணிக்கைக்குள்ளேயே, இந்த அளவுகளில் போட்டுக் காட்டுகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

ஜூலை இதழ் அச்சுக்குப் போவதற்குள் உங்கள் முடிவைத் தெரிவியுங்கள். எனக்குத் தனியாக எழுதினால் போதாது. வாசகர் கடிதப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரியும்படி, 12 பாயின்ட்டில் போடுங்கள். அதில் இன்னொன்றும் சேர்த்துப் போட வேண்டும்: ஜனவரியிலிருந்து படிக்கச் சிரமப்பட்டவர்களுக்குக் கண்ணில் கோளாறு இல்லை, எழுத்தைச் சின்னதாக்கியது நாங்கள்தான் என்று. கடைசி வீட்டுப் பெரியம்மாவிடம் அதைக் காட்டிச் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்வது என் பொறுப்பு.

மதுரையிலிருந்து,
உங்கள் நெடுநாள் வாசகி